உதுமானியப் படைக்கு வண்ணம் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல் உயரமுள்ள போர்வீரர் உருவங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, மேசையில் அணிவகுத்து நிறுத்தி, விதிநூல், பகடை, அளவுநாடா ஆகியவற்றோடு பழைய போர்களை ஆடுவது எங்கள் பொழுதுபோக்கு. என்னிடம் இருப்பது உதுமானியப் படை, அதாவது ஒட்டோமான் துருக்கியரின் படை. அதைப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன்.

"உதுமானியப் படை ஒண்ணு சேர்க்கணும்னு ஆசை. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?"

பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள். 1300ஐ ஒட்டித் தொடங்கிய அந்த அரசு 1922 வரை இருந்தது. 1396இல் நிகோபோலிஸில் நின்ற படையும் 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட படையும் பெயரால்தான் ஒன்று. உடை, ஆயுதம், தலையணி எல்லாம் மாறிவிட்டன. ஆண்டைத் தீர்மானிக்காமல் அழகாக இருந்ததையெல்லாம் வாங்கியவர்கள், மூன்று நூற்றாண்டுகள் கலந்த ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு அப்புறம் வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு 1514 முதல் 1526 வரை. பன்னிரண்டே ஆண்டுகளில் மூன்று பெரிய எதிரிகள் கிடைக்கிறார்கள்: 1514இல் சால்திரானில் ஈரானின் சஃபாவியர், 1516இல் மர்ஜ் தாபிக்கில் எகிப்தின் மம்லூக்குகள், 1526இல் மோகாச்சில் ஹங்கேரியர். துப்பாக்கி வந்துவிட்ட, வில் இன்னும் போகாத காலம் அது. வேறு காலம் என்று சொல்லாத இடங்களில், கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்தே எழுதியவை.

"28 மி.மீ. வாங்கவா, 15 மி.மீ. வாங்கவா?"

அந்த எண் ஓர் உருவத்தின் உத்தேச உயரம். முகமும் கேடயமும் பார்த்துப் பார்த்துத் தீட்ட ஆசை என்றால் 28. குதிரைப்படை கடல்போல விரிய வேண்டும் என்றால் 15. உதுமானியர் படை குதிரைகளால் ஆனது என்பதால், செலவும் இடமும் கருதி, தொடங்குகிறவர்களுக்கு 15 மி.மீ.தான் சொல்வேன். அந்த அளவில் எஸ்ஸெக்ஸ் நிறுவனத்தின் உலோக உருவங்கள் உண்டு. 28இல் தி அசால்ட் குரூப், ஓல்ட் குளோரி என்ற இரண்டு நிறுவனங்களும் உதுமானியரைச் செய்கின்றன. ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1:72 அளவு பிளாஸ்டிக் யெனிச்செரிகள் (சுல்தானின் நிரந்தரக் காலாட்படையினர்) விலை குறைவு. ஆனால் அந்த மென்பிளாஸ்டிக்கை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். வளையும் ஈட்டி, வாள் நுனிகளில் பெயிண்ட் உரியும்.

"முதல்ல எத்தனை உருவம் போதும்?"

டி.பி.ஏ. என்ற விதிநூலில் ஒரு படைக்கு 12 அணிகள்தான். ஓர் அணி என்பது ஒரே அடித்தட்டில் ஒட்டிய சில உருவங்கள். 15 மி.மீ. உருவங்களுக்கு ஒவ்வோர் அணியின் அடித்தட்டும் 40 மி.மீ. அகலம். முப்பது நாற்பது உருவங்களில் ஆடத் தொடங்கிவிடலாம். பெரிய விதிகளுக்குப் பிறகு வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். முழுக்க யெனிச்செரிகளாக வாங்காதீர்கள். சுல்தான் சுலைமான் காலத்தில்கூட அவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான். படையின் பெரும்பகுதி நிலமானியம் பெற்ற மாகாணக் குதிரைவீரர்களான சிபாஹிகள். நம் 'சிப்பாய்' என்ற சொல்லும் அதே பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

"யெனிச்செரிக்கு யூனிஃபார்ம் உண்டா? சிலர் எல்லாரையும் சிவப்பா தீட்டுறாங்க, சிலர் நீலம்ங்கறாங்க."

இன்றைய பொருளில் சீருடை கிடையாது. ஆனால் ஆளுக்கொரு நிறம் என்றும் இல்லை. அரசு ஆண்டுதோறும் அவர்களுக்குக் கம்பளித் துணி கொடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் அதைப் பெருமளவு நெய்தவர்கள் சலோனிகா நகரத்து யூத நெசவாளர்கள். அந்தத் துணியில் முக்கியமானது கருநீலம். மொத்தமாக வந்த துணியில் தைத்தால் என்ன ஆகும்? ஒரே குடும்பத்து நிறங்கள் அடுத்தடுத்து நிற்கும். புதியது அடர்த்தியாக, பழையது வெளுத்து.

அதனால் நான் பத்துப் பேரில் ஆறு ஏழு பேருக்கு நீலம் கொடுப்பேன். ஒரே புட்டி நீலத்தில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் பழுப்பு என்று கலந்து மூன்று நான்கு சாயல்கள். மீதிப் பேருக்குச் சிவப்பும் பச்சையும். அந்தச் சிவப்பு தக்காளிச் சிவப்பாக இருக்கக் கூடாது. சாதாரண வீரன் உடுத்தியது நம் மஞ்சிட்டிக்கு உறவான செடியின் வேரில் சாயமிட்ட செங்கல் சிவப்பு. பளபளக்கும் கருஞ்சிவப்பு விலை உயர்ந்த சாயம், அதை அதிகாரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த வெள்ளைத் தொப்பிதான் எனக்கு வரவே மாட்டேங்குது. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது."

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். அந்தத் தொப்பியின் பெயர் போர்க். வெள்ளைக் கம்பளி நமுத்தால், அதாவது ரோமத்தை நெய்யாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியால் ஆனது. நெற்றிக்கு மேல் நிமிர்ந்து, பின்னால் மடிந்து பிடரியில் தொங்கும். ஹாஜி பெக்தாஷ் என்ற ஞானியின் சட்டைக் கை தலைமேல் விழுந்து ஆசி கொடுத்ததன் நினைவு என்று ஒரு மரபுக்கதை உண்டு.

நமுத்து என்பதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆட்டு ரோமத்தில் செய்த துணி தூய வெள்ளையாக இருக்காது, மோர் நிறத்தில் இருக்கும். முதலில் தொப்பி முழுவதும் மணல் கலந்த சாம்பல் நிறம் ஒரு பூச்சு. காய்ந்ததும் மடிப்பின் உள்பக்கத்திலும் நெற்றிப்பட்டைக்கு மேலுள்ள கோட்டிலும் நீர்த்த பழுப்பு. பிறகு மடிப்புப் பள்ளங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தந்த நிறம். அதைப் பால்போல நீர்க்கவிட்டு இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒரே தடித்த பூச்சாகக் கொடுத்தால்தான் சுண்ணாம்பு மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிகிறது. கடைசியில், தொப்பி வளைந்து பின்னால் இறங்கும் முதுகில் மட்டும் தூய வெள்ளை, ஒரே கோடு. தூரிகை நுனியால் ஒரு இழுப்பு போதும்.

வெள்ளைத் தொப்பிகளை இருபது உருவத்துக்கும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். நாளை கலக்கும் கலவை இன்றையதைப் போல இருக்காது.

"தொப்பிக்கு முன்னாடி ஒரு குழாய் மாதிரி இருக்கே, இறகு சொருகவா?"

இறகும் செருகுவார்கள். ஆனால் அது கரண்டி வைக்கும் உறை. யெனிச்செரிப் படைப்பிரிவு தன்னை ஒரே பானையில் சாப்பிடும் குடும்பமாகக் கருதியது. பிரிவுத் தலைவனின் பட்டமே சோர்பஜி, அதாவது கஞ்சி காய்ச்சுகிறவன். பெரிய செம்புக் கொப்பரைதான் பிரிவின் மானம். அதைக் கவிழ்த்துப் போட்டால் கலகம் என்று பொருள். உறையைப் பித்தளை நிறத்தில் தீட்டி, பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்ட்) கொடுத்து, மேல் விளிம்பில் ஒரு பொன் புள்ளி வையுங்கள். கட்டளை அணியின் அடித்தட்டில் ஒரு கொப்பரை வைக்க இடமிருந்தால் கட்டாயம் வையுங்கள். என் படையில் முதலில் எல்லார் கண்ணும் போவது அதன்மேல்தான்.

"முகத்துக்கு என்ன நிறம்? எல்லாருக்கும் தாடி வரையலாமா?"

யெனிச்செரிக்குத் தாடி கூடாது, மீசை மட்டும். பணியில் இருக்கும்வரை அதுதான் விதி. வாங்கிய உருவத்தில் தாடி இருந்தால் கத்தியால் சுரண்டிவிடலாம். சிபாஹிகளுக்குத் தாடி உண்டு.

முகநிறம் ஒன்றே ஒன்று வேண்டாம். அந்தக் காலத்து யெனிச்செரிகள் பெரும்பாலும் பால்கன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து தேவ்ஷிர்மே என்ற முறையில் சிறுவயதிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். செர்பியா, பொஸ்னியா, அல்பேனியா, கிரேக்கப் பகுதி முகங்கள். பொன்னிற மீசையும் செம்பட்டை மீசையும் அந்த வரிசையில் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மீசையைத் தீட்டும்போதும், இவன் எந்த ஊர்த் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளையோ என்று எனக்குத் தோன்றும். இந்தப் படையின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி.

"தலைப்பாகை பச்சையில தீட்டினா அழகா இருக்கும்ல?"

பச்சைத் தலைப்பாகை நபிகளின் வழித்தோன்றல்களுக்கு உரிய அடையாளம். அணிக்கு அணி பச்சை தீட்டாதீர்கள். படை முழுவதிலும் ஒரு முதியவருக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு வெள்ளைப் பருத்தித் துணிதான். போர்க் தொப்பிக்குச் சொன்ன அதே முறை. ஆனால் நமுத்தைவிடப் பருத்தி வெளுப்பு, அதனால் கடைசி வெள்ளையைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

"சிபாஹிகள்ல ஆளாளுக்கு வேற வேற உடை. எப்படித் தீட்டினாலும் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கு."

சிபாஹி தன் மானியத்து வருமானத்தில் தானே உடுத்தி, தானே குதிரை கொண்டுவந்தவன். அதனால் பல நிறம் சரிதான். கூட்டமாகத் தெரியாமல் படையாகத் தெரிய ஒரு வழி உண்டு. மொத்தப் படைக்கும் ஆறு நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை: செங்கல் சிவப்பு, கருநீலம், காவி மஞ்சள், மங்கிய பச்சை, மோர் வெள்ளை, தோல் பழுப்பு. ஒருவனின் அங்கி நிறம் அடுத்தவனின் காலாடைக்கும், மூன்றாமவனின் சேணத்துணிக்கும் போகட்டும். எல்லாச் சேணவார்களும் ஒரே சிவப்புத் தோலாக இருக்கட்டும். தள்ளி நின்று பார்த்தால் ஒரு விரிப்பின் பூவேலைபோல இசைந்திருக்கும்.

தலைநகரத்துச் சம்பளக் குதிரைப்படைக்குக் கொடி நிறம் அடையாளம். சிபாஹ் பிரிவுக்குச் சிவப்பு, சிலாஹ்தார் பிரிவுக்கு மஞ்சள். இவர்களுக்கு மட்டும் கொடியோடு ஒத்த நிறத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் மாகாணப் படையிலிருந்து தனித்துத் தெரிவார்கள்.

"கேடயத்துல வட்ட வட்டமா கோடு இருக்கே, அது என்ன? மரமா?"

பிரம்பு. கல்கன் என்ற அந்தக் கேடயத்தைப் பிரம்பைச் சுருளாக வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் வண்ணப் பட்டு நூலால் சுற்றிச் செய்தார்கள். நடுவில் உலோகக் குமிழ். நூலின் நிறத்தை மாற்றி மாற்றிப் பூவும் கொடியும் வரச் செய்தார்கள். தீட்டும்போது கேடயம் முழுக்கக் கருஞ்சிவப்பு கொடுத்து, பள்ளங்களில் கருமை ஓடவிட்டு, மேட்டுச் சுற்றுகளில் மட்டும் ஆங்காங்கே மஞ்சளும் நீலமும் சிறு சிறு கோடுகளாகப் போடுங்கள். குறுக்காக ஒரு முழுப்பூ வரையாதீர்கள், சுற்றோடு சுற்றாகப் போக வேண்டும். 15 மி.மீ.யில் மூன்று வளையங்கள் போதும்.

சங்கிலிக் கவசத்துக்கு அடிப்பூச்சு கரும்பழுப்பு, அதன்மேல் எஃகு நிற டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளில் தேய்ப்பது), கடைசியில் கறுப்பு வாஷ். தலைவர்களுக்குச் செம்பில் பொன்முலாம் பூசிய தொம்பாக் தலைக்கவசம் உண்டு. பொன் பெயிண்டுக்குச் செம்பழுப்பு வாஷ் கொடுத்தால் அந்தக் கதகதப்பான நிறம் வந்துவிடும்.

"குதிரைக்கு ஆரஞ்சு வால் தீட்டியிருக்கீங்க. தப்பா தீட்டிட்டீங்களா?"

தப்பில்லை, மருதாணி. வெள்ளை, சாம்பல் குதிரைகளின் வாலுக்கும் பிடரிக்கும் கால்களுக்கும் மருதாணி இட்டதை உதுமானிய ஓவியங்களில் பார்க்கலாம். பத்துக் குதிரையில் ஒன்றுக்குப் போதும். மற்றவை செம்பழுப்பு, கரும்பழுப்பு, சாம்பல். கால்களில் முழங்காலுக்குக் கீழே திட்டமான கோடாக நிறுத்தாமல், ஈரத்தூரிகையால் மேல்நோக்கி மங்கவிடுங்கள்.

"சிறுத்தைத் தோல் போட்டு, இறக்கை வெச்சு ஒரு குதிரைவீரன் இருக்கானே, அவன் நிஜமா?"

நிஜம்தான். பெயர் தெலி. துருக்கியில் 'பித்தன்' என்று பொருள். பால்கன் எல்லைப்பகுதியின் துணிச்சல்காரக் குதிரைவீரர்கள். 1551இல் பிரெஞ்சுத் தூதரோடு இஸ்தான்புல் போன நிக்கோலா த நிக்கோலே என்பவர் தெலி ஒருவனை இறகுகளோடும் விலங்குத் தோலோடும் வரைந்திருக்கிறார்.

சிறுத்தைப் புள்ளி முழு வட்டம் அல்ல. காவி மஞ்சள் பரப்பில் இளம்பழுப்புப் பொட்டு வைத்து, அதைச் சுற்றிக் கரும்பழுப்பில் இரண்டு அல்லது மூன்று சிறு வளைவுகள், நடுவே இடைவெளி விட்டு. முதுகெலும்பு வரிசையில் பெரிதாக, கால் தோலுக்குப் போகப்போகச் சிறிதாக. ஒரு படைக்கு ஓர் அணி தெலிகள் போதும். கண்ணைப் பறிப்பார்கள் என்பதற்காக இதையே பெருக்கினால், மேலே சொன்ன விரிப்பு இசைவு போய்விடும்.

"கொடிக்குப் பிறையும் நட்சத்திரமும் போட்டா முடிஞ்சுதா?"

சிவப்பில் வெண்பிறையும் நட்சத்திரமும் கொண்ட இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடற்படைக் கொடியில் வந்தது. 1844இல்தான் தேசியக் கொடியானது. அதை 1526இல் ஏற்றினால் காலம் தப்பிவிடும். குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாயும் அப்படித்தான். அது 1826இல் இரண்டாம் மஹ்மூத் யெனிச்செரிப் படையைக் கலைத்த பிறகு வந்த புதுப் படைக்கு உரியது.

நம் காலத்துக்கு எளிதானது துல்ஃபிகார் கொடி: இரட்டை முனை கொண்ட வாள், செந்நிறத் துணியில் வெள்ளை அல்லது பொன் நிறத்தில். பல கொடிகளில் குர்ஆன் வசனங்கள் இருந்தன. அரபு எழுத்து தெரியாமல் கிறுக்கலாக ஏதோ எழுதுவதை நான் செய்வதில்லை. ஒருவருக்குப் புனிதமான வரி அது. சரியாக அச்சிட்ட கொடி கிடைத்தால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வாளும் பட்டைகளும் போதும்.

"கம்பத்துல தொங்குற குதிரைவாலை எத்தனை வைக்கணும்?"

அது தூக். பதவிக்கேற்ற எண்ணிக்கை: மாவட்டத் தலைவரான சஞ்சக் பேக்கு ஒன்று, மாகாணத் தலைவரான பேலர்பேக்கு இரண்டு, அமைச்சரான வசீருக்கு மூன்று, சுல்தானுக்கு அதற்கும் மேல். உங்கள் தளபதி யார் என்று முடிவு செய்துவிட்டு எண்ணுங்கள். உச்சியில் பொன் உருண்டை. சின்ன அளவில் பழைய தூரிகையின் மயிரை வெட்டி, சூப்பர் க்ளூவில் ஒட்டினாலே தத்ரூபமாக இருக்கும்.

"மழைக்காலத்துல ஸ்பிரே அடிச்சா பொருக்குத் தட்டுது. என்ன செய்யலாம்?"

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே வேண்டாம். கடற்கரை ஊர்களில் அது ஆண்டில் பாதி நாள். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர் (அடிப்பூச்சு) வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஓர் இரவு. யெனிச்செரிக்குச் சாம்பல் பிரைமர் நல்லது. கறுப்பின்மேல் வெள்ளைத் தொப்பி ஏறாது.

வார்னிஷுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு நவம்பர் மாலை, மழை விட்ட அரை மணியில், பதினாறு யெனிச்செரிகளுக்கு மாட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் கருநீல அங்கிகள் எல்லாம் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டன. இரண்டு மாத வேலை. மறுநாள் ஓர் உருவத்தில் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசிப் பார்த்தேன், நீலம் திரும்பி வந்தது. அதன்மேல் தூரிகையாலேயே மாட் பூசி மற்றவற்றையும் மீட்டேன். அதிலிருந்து வார்னிஷும் தூரிகையால்தான்.

"கான்ட்ராஸ்ட் பெயிண்ட் மட்டும் வெச்சு முழுப் படையும் முடிக்கலாமா?"

ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் பெயிண்ட் அது. 15 மி.மீ.க்குத் தாராளமாக. அங்கி, குதிரை, தோல் மூன்றும் நன்றாக வரும். போர்க் தொப்பியும் தலைப்பாகையும் மட்டும் மேலே சொன்ன முறையில் கையால் தீட்டுங்கள். பார்க்கிறவர் கண் போவது தலைக்குத்தான்.

"1526க்குத் தீட்டின படையை 1453க்கோ 1683க்கோ ஆடலாமா?"

1453க்கு, அதாவது கான்ஸ்டான்டினோபிள் முற்றுகைக்கு, ஓரளவு ஆடலாம். துப்பாக்கிக்காரர்களைக் குறைத்து வில்லாளிகளைக் கூட்டுங்கள். குதிரைவீரர்களில் சிலருக்குத் தலைப்பாகைமேல் அணியும் உப்பிய தலைக்கவசம் வேண்டும். 1683க்கு எனக்கு மனம் ஒப்பாது. அதற்குள் சிபாஹிகளின் முக்கியத்துவம் குறைந்து, யெனிச்செரிகள் பல மடங்கு பெருகி, போர் முறையே மாறிவிட்டது. முதல் பதிலில் சொன்ன ஆண்டுத் தேர்வு இதற்காகத்தான்.

சஃபாவிய எதிரிக்கு உதுமானியச் சிபாஹிகளையே பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கக் குதிரையும் கவசமும் ஒத்துப்போகும், தலை ஒத்துப்போகாது. சஃபாவியரின் கிஸில்பாஷ் வீரர்களுக்குத் தலைப்பாகை நடுவிலிருந்து உயரமான சிவப்புக் குச்சி நிமிர்ந்து நிற்கும், அந்தக் குல்லாயில் பன்னிரண்டு மடிப்பு. 'செந்தலையர்' என்ற பெயரே அதனால் வந்தது.

"அடித்தட்டுக்கு என்ன மண் நிறம்? படையை எப்படி நிறுத்தறது?"

சால்திரான் 1514 ஆகஸ்ட் 23, ஈரானின் வடமேற்கு மூலை. காய்ந்த புல், வெளிர் மண். மோகாச் 1526 ஆகஸ்ட் 29, டான்யூப் ஓரத்துச் சமவெளி. ஈரமான கரும்பழுப்பு, சேற்றுத் திட்டு. தோற்று ஓடிய ஹங்கேரி மன்னர் இரண்டாம் லாயோஷ் வழியில் ஓர் ஓடையில் மூழ்கி இறந்தார். இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் நடுத்தரப் பழுப்பில் மஞ்சள் புல் ஒட்டுங்கள்.

நடுவில் யெனிச்செரிகள், அவர்களுக்கு முன்னால் சங்கிலியால் பிணைத்த பீரங்கிகள், பின்னால் சுல்தான். இரு சிறகுகளிலும் சிபாஹிகள். ஐரோப்பாவில் போரிட்டால் ருமேலியப் (பால்கன் பகுதிப்) படை வலப்பக்கம், ஆசியாவில் போரிட்டால் அனதோலியப் (ஆசியத் துருக்கிப்) படை வலப்பக்கம். வலம்தான் மரியாதைக்குரிய இடம். முன்னால் லேசான ஆயுதத்தோடு அஸாப் காலாட்படை, அகின்ஜி குதிரைகள்.

"பழைய ஓவியத்துல ஊதா, இளஞ்சிவப்பு அங்கியெல்லாம் இருக்கே. அதை அப்படியே நம்பித் தீட்டலாமா?"

1558இல் முடிந்த சுலைமான்நாமா போன்ற அரண்மனை நூல்களில் உள்ள ஓவியங்களைச் சொல்கிறீர்கள். நிறத்தை அப்படியே நம்ப மாட்டேன். ஓவியர் பக்கம் அழகாக அமைய வேண்டும் என்று ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்றியிருப்பார். சாயத்துக்கு இஸ்தான்புல்லின் தோப்காப் அரண்மனையில் மிஞ்சியிருக்கும் கஃப்தான்களை (நீண்ட அங்கிகளை) பாருங்கள். கேடயம், கூடாரம், சேணம் என்றால் ட்ரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹ, வியன்னா, கிராக்கூஃப் அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கிறது.

ஆனால் உடை எப்படி உடுத்தப்பட்டது என்பதில் அந்த ஓவியர்கள் கெட்டிக்காரர்கள். யெனிச்செரி நடக்கும்போது அங்கியின் முன்தலைப்பு இரண்டையும் தூக்கி இடுப்புக்கச்சையில் செருகியிருப்பான், நம்மவர்கள் வயலில் இறங்கும்போது வேட்டியை ஏற்றிக் கட்டுவதுபோல. அப்போது அங்கியின் உள்துணி வெளியே தெரியும். அங்கே வேறு நிறம் கொடுங்கள். கருநீல அங்கிக்குள் காவி மஞ்சள், செங்கல் சிவப்புக்குள் மோர் வெள்ளை. செருகிய இடத்தில் கச்சைக்கு மேல் எட்டிப்பார்க்கும் துணிநுனியையும் மறக்காமல் அதே நிறத்தில் தொட்டுவிடுங்கள்.